மடிப்பில் கத்தி வைத்த நாள்

பழைய நூல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம், இருநூறு ஆண்டுப் பழைய சீன நூல் ஒன்றில் இரண்டு தாள்களைக் கத்தியால் அறுத்துவிட்டேன். கை தவறி அல்ல. நல்லது செய்வதாக நினைத்து, நிதானமாக, நேர்க்கோட்டில் அறுத்தேன்.

அதுவரை என் மேசைக்கு வந்ததெல்லாம் பிரெஞ்சுப் புத்தகங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பதிப்புகள் பல ஓரம் அறுக்காமலே விற்பனைக்கு வந்தவை. வாங்கியவர்தான் காகிதக் கத்தியால் அறுத்துக்கொண்டே படிக்க வேண்டும். அதே பழக்கத்தில், இந்தச் சீன நூலின் வெளி ஓரமும் மூடியிருப்பதைப் பார்த்து, 'பாவம், யாருமே படிக்கவில்லை போல' என்று கத்தியை எடுத்தேன். மூன்றாம் தாளுக்குப் போகுமுன் எங்கள் பட்டறையின் பெரியவர் பின்னால் வந்து நின்றார். தைவானில் தொழில் கற்றவர், அறுபதைத் தாண்டியவர். சத்தம் போடவில்லை. கத்தியை மட்டும் என் கையிலிருந்து வாங்கி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

சீனத்துப் பழைய அச்சு நூலில் தாளின் ஒரு முகத்தில்தான் எழுத்து. செதுக்கிய மரப்பலகையில் மை தடவி, மேலே மெல்லிய தாளைப் பரப்பி, அதன் முதுகில் தேய்த்து எடுப்பார்கள். தேய்த்த முதுகில் மறுபடி அச்சிட முடியாது. ஆகவே அச்சு வெளியே தெரியும்படி தாளை நடுவில் மடித்து, மடிப்பு வெளி ஓரத்தில் வர, வெட்டு முனைகளைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். நான் பாடுபட்டுத் திறந்தது ஒன்றுமே எழுதாத வெற்றுப் பக்கங்களை. இன்னொன்றும் உண்டு. நூலின் பெயரும் தாள் எண்ணும் மீன்வால் போன்ற ஒரு குறியும் மடிப்பின் மேலேயே அச்சாகியிருக்கும். மடிப்பவருக்கு அந்த மீன்வால்தான் அடையாளம். என் கத்தி அதை இரண்டாகப் பிளந்திருந்தது.

அன்று இன்னொரு தவறும் செய்தேன். அட்டைக்கு உள்புறம் பளீரென்ற ஆரஞ்சு நிறத் தாள் ஒன்று இருந்தது. அழகாக இருக்கிறதே என்று வெறும் விரலால் தடவிக்கொண்டிருந்தேன். பெரியவர் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். தென்சீனத்தின் குவாங்டோங் பக்கத்து நூல்களில் பூச்சி அரிக்காமல் இருக்க முன்னும் பின்னும் வைக்கும் தாளாம் அது. பூசியிருப்பது ஈயச் சிந்தூரம். 'பத்தாயிரம் ஆண்டுச் சிவப்பு' என்று பெயர். நம் ஊரில் சுவடிக் கட்டோடு வசம்பு வைப்பார்கள். வேலை ஒன்றுதான். வசம்பைக் குழந்தை நாக்கிலும் தடவுவார்கள், நச்சான இதைத் தொட்டால் சோப்பைத் தேட வேண்டும்.

மறுநாள் என்னையே ஒட்டச் சொன்னார். முதல் வேலையாக, தைத்த நூலை அறுக்கச் சொன்னார். தமிழில் யோசிக்கிறவனுக்கு இது ஒரு வேடிக்கை: நூல் பிழைக்க நூலை அறுக்க வேண்டும். நான்கு துளை, ஒரே பட்டு இழை. அதை எடுத்துவிட்டால் தாள்கள் தனித்தனியே வந்துவிடும். தோல் அட்டை போட்டு, முதுகில் கோந்து காய்ச்சி ஊற்றிய ஐரோப்பியப் புத்தகத்தைப் பிரிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். சீன நூலைக் கட்டியவர்களோ என்றாவது ஒருநாள் பிரிக்கப்படும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள்.

பசை, கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்து சவ்வை எடுத்துவிட்டு, அடியில் தங்கும் வெண்மாவை மட்டும் காய்ச்சியது. போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை அல்ல; கஞ்சித் தண்ணீர் பதம். அதைத் தடவி, ஒரு விரல் அகலத்துக்கும் குறைந்த மெல்லிய தாள் நறுக்கை மடிப்பின் உட்புறம் ஒட்ட வேண்டும். பசை கொஞ்சம் கூடினால் தாள் காயும்போது சுருங்கும். என்னுடையது சுருங்கியது. நனைத்து எடுத்து மறுபடி ஒட்டினேன். இரண்டு தாளுக்கு ஒன்றரை நாள்.

ஓரமே இல்லாமல் நைந்துபோன நூல்களுக்கு வேறொரு வைத்தியம் உண்டு. மடித்த தாளுக்குள் அதைவிடப் பெரிய புது வெள்ளைத் தாளைச் செருகுவார்கள். பழுத்து மஞ்சளான பக்கத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் நிற்கும். இதற்கு 'ஜின் சியாங் யூ' என்று பெயர். ஜேட் கல்லில் பதித்த பொன் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான ஜேட் கல்லிலேயே செய்த நூல்களும் உண்டு. சீனத்துச் சியென்லோங் பேரரசருக்காகக் கல் தகடுகளில் எழுத்தை வெட்டிப் பொன் நிரப்பியவை சில டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கின்றன. கண்காட்சி என்றால் கூட்டம் ஜேட், பீங்கான், டிராகன் அங்கி பக்கம்தான். காகிதத்தின் முன்னால் யாரும் நிற்பதில்லை. குறை சொல்லவில்லை, நானும் முதலில் அங்கேதான் போவேன்.

காகிதத்துக்கும் எப்போதாவது காலம் வரும். சீனப் பேரரசர் யோங்லே தொகுக்கச் செய்த கலைக்களஞ்சியத்தின் இரண்டு தொகுதிகள் 2020இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. 5,000 முதல் 8,000 யூரோ போகும் என்றார்கள். 80 லட்சம் யூரோவைத் தாண்டியது. 1408இல் முடிந்த அந்தக் களஞ்சியம் 11,095 தொகுதிகள். மூலப்படி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. 1562 தொடங்கி 1567 வரை எடுத்த நகலில் இன்று உலகம் முழுவதும் சுமார் 400 தொகுதிகள் மிஞ்சியுள்ளன. இலங்கையின் காலி நகரில் கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கும் 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டும் இதே யோங்லே பேரரசர் பெயரால் வந்ததுதான். தென்னிலங்கைக் கோயில் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கு அனுப்பிய பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் அதில் தமிழில் பட்டியலாக இருக்கின்றன.

ஒரே ஒரு முறை அந்தக் களஞ்சியத்தின் தொகுதி ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மஞ்சள் பட்டு அட்டை, அரை மீட்டர் உயரம், அச்சு அல்ல, அத்தனையும் கையெழுத்து. கடைசியில் ஒட்டிய சீட்டில் மேற்பார்வையிட்டவர், எழுதியவர், வாக்கியம் பிரிக்கச் சிவப்புப் புள்ளி வைத்தவர் என்று வரிசையாகப் பெயர்கள். புள்ளி வைத்தவருக்கும் பெயர் உண்டு.

நான் ஒட்டிய தாள்களில் ஒன்றில் மீன்வாலின் ஒரு பாதி மற்றதைவிட ஒரு மயிரிழை இறங்கி நிற்கிறது. இன்னொரு முறை பிரித்து ஒட்டட்டுமா என்று கேட்டேன். பெரியவர் வேண்டாமென்றார். பழுதுப் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். அறுத்தவர் என்ற இடத்திலும் ஒட்டியவர் என்ற இடத்திலும் ஒரே பெயரை எழுதித் தேதி போட்டேன்.