பழசு ஒன்று, பழசு மாதிரி ஒன்று

என் மேசையில் இப்போது இரண்டு மோதிரங்கள் கிடக்கின்றன. பார்த்தால் இரண்டுமே 1920களில் செய்தவை போல இருக்கும். நடுவில் ஒரு கல், அதைச் சுற்றி எண்கோணச் சட்டம், ஓரமெல்லாம் மணலளவு அரும்புகள். ஒன்று நிஜமாகவே அந்தக் காலத்தது. மற்றது, பழசு என்று சொல்லி என் தலையில் கட்டப்பட்டது.

சந்தேகம் வந்தது அதன் உள்பக்கத்தைத் தடவியபோதுதான். பல வருடம் விரலில் கிடந்த மோதிரம் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து மெலிந்துவிடும். இது சுற்றிலும் ஒரே தடிமன். சரி, யாரும் போடாமல் பெட்டியிலேயே கிடந்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்புறம் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பை, அதாவது நகைக்காரர்களின் கண்ணாடியை, எடுத்தேன். பழைய பிளாட்டினம் மோதிரத்தில் துளை வேலையெல்லாம் ரம்பத்தால் கையால் அறுத்தது. துளையின் உட்சுவர் வரைக்கும் மெருகு ஏறியிருக்கும். புதியதில் அரும்புகள் பாதி கரைந்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உட்சுவரில் பொடிப்பொடியாகக் குழிகள். மெழுகில் உருவம் செய்து, வெள்ளைத் தங்கத்தை உருக்கி ஊற்றி வார்த்திருக்கிறார்கள். வார்ப்பு என்றாலே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பொறுமையாக மெருகு போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

திருப்பி அனுப்பும் முன், கல் சோதிக்கும் ஒருவரிடம் இரண்டையும் கொடுத்தேன். வேடிக்கை அங்கேதான். புது மோதிரத்தின் நீலக்கல் மண்ணில் விளைந்தது. என் அருமைப் பழைய மோதிரத்தின் சிவப்புக்கல் தீயில் விளைந்தது!

நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். கல்லுக்குள் இசைத்தட்டு வரிகள் போல மெல்லிய வளைகோடுகள், இடையில் ஓரிரு காற்றுக்குமிழ்கள். இயற்கை மாணிக்கத்தில் நிற வரிகள் நேராக ஓடிக் கோணத்தில் திரும்பும், இப்படி வளையாது. அலுமினியம் ஆக்சைடு பொடியோடு சிறிது குரோமியம் சேர்த்து, தீச்சுவாலை வழியே தூவி மாணிக்கம் வளர்க்கும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னுயி 1902இல் அறிவித்தார். சட்டத்தின் வடிவத்துக்கு ஏற்ப இழைத்த, ஒரே நிறக் கற்கள் வரிசையாக வேண்டும் என்றது 1920களில் பரவிய, நேர்கோடும் கோணமுமான ஆர்ட் டெகோ பாணி. அதற்கு இந்தக் கல் வசதியாகப் போயிற்று. ஆகவே என் மோதிரத்தின் வயதில் சந்தேகமில்லை. அதே கல்லை வைத்து 1850களின் மோதிரம் என்று யாராவது விற்றிருந்தால்தான் மாட்டியிருப்பார்கள்.

அன்றைக்கே கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்தக் காலத்தவர்கள் மட்டும் என்ன, யாரையும் பார்க்காமலா செய்தார்கள்? 1922இல் துட்டன்காமன் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதும் எகிப்திய வண்டும் தாமரையும் நகைகளில் ஏறிக்கொண்டன. அதற்கு முந்தைய நூற்றாண்டில் ரோமில் காஸ்டெல்லானி என்ற பொற்கொல்லர் குடும்பத்தார், பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கன் மக்கள் பொடிப்பொடித் தங்கமணிகளை ஒட்டும் பொன்மணி வேலையை எப்படிச் செய்தார்கள் என்று கண்டுபிடிக்கப் பெரும்பாடு பட்டார்கள். நகல் மோதிரம் எனக்குப் பிடிக்கும். அதை நகல் என்று சொல்லி விற்றிருக்கலாம், அவ்வளவுதான். விற்றவரோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியதில் ஒரு பகுதிப் பணம் திரும்பியது. மோதிரம் என்னிடமே தங்கிவிட்டது.

தினமும் போடுவது அதைத்தான். தட்டச்சு, சோப்பு, கதவுப்பிடி எதற்கும் பயமில்லை. பழையதன் கீழ்ப்பாதி தகடு மாதிரி மெலிந்துவிட்டது. அந்தப் பாதியை அறுத்தெடுத்துவிட்டுப் புது வளைவு வைத்துப் பற்றவைக்கலாம் என்கிறார் நகை வேலை செய்பவர். வைத்தால் அதுவும் பாதிப் புதுசாகிவிடும். கல் வேறு அப்படி. இன்னும் கொடுக்கவில்லை.