மூணாவது அட்டெம்ப்ட்ல பாஸ்: கேபிள் கரண்ட் ரேட்டிங் கணக்கு

நேத்து ரிசல்ட் வந்துச்சு. ரெண்டு தடவை கவுத்த பேப்பர் கிளியர். அம்மாகிட்ட சொல்லும்போது குரலே வரல. இதே அரியர் வச்சிருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக உடனே எழுதிடறேன்.

மண்ணுல புதைச்ச கேபிள் சூடாகிக் கெடாம எவ்வளவு கரண்ட் தாங்கும்னு கண்டுபிடிக்கிற ஃபார்முலா எனக்கு மனப்பாடம். ஆனா கண்டக்டர் ரெசிஸ்டன்ஸ் டேபிள்ல 20 டிகிரிக்குக் குடுத்த மதிப்பை ரெண்டு தடவையும் அப்படியே போட்டேன். எக்ஸ்எல்பிஇ (ஒரு வகை பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிளோட முழு ரேட்டிங் கண்டக்டர் 90 டிகிரியில இருக்கும்போது. அந்தச் சூட்டுல செம்போட ரெசிஸ்டன்ஸ் 1 + 0.00393 × 70, அதாவது 1.275 மடங்கு. ஃபார்முலாவுல ரெசிஸ்டன்ஸ் வர்க்கமூலத்துக்குள்ள வருது, அதனால அதை விட்டா ஆம்பியர் 13 சதவீதம் அதிகமா வரும். அந்த ரேட்டிங்கை நம்பி நிஜமா லோடு குடுத்தா இன்சுலேஷன் வெந்துடும்.

இது எனக்குப் புரிஞ்சது தண்டையார்பேட்டையில, எங்க தெருவுல. அப்பா கேபிள் ஜாயிண்ட் போடுறவர். ஃபால்ட்னு பள்ளம் தோண்டியிருந்தாங்க, சாப்பாடு குடுக்கப் போனேன். பள்ளத்துச் சுவர் முழுக்க ஈரம். கேபிளைச் சுத்தி ஒரு சாண் மண்ணு மட்டும் வெளுத்து, பொடியா உதிருது. "பாருடா, சூட்டுல தண்ணியெல்லாம் ஓடிப்போச்சு. காஞ்ச மண்ணு சூட்டை வெளிய வுடாது. இது உள்ளயே வெந்துகினு கீது"ன்னாரு. அந்தப் பள்ளத்துல 20 டிகிரி எங்க இருக்கும்? மூணாவது தடவை விடைத்தாள்ல கணக்கு ஆரம்பிக்கிற இடத்துல முதல்ல 90-னு எழுதி வட்டம் போட்டுட்டுத்தான் மத்ததைத் தொட்டேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க.

தப்பு வர்ற மத்த இடங்கள்:

- வெப்ப உயர்வு 90 இல்ல. மண் 30 டிகிரின்னா 60.
- டி4-க்கு (கேபிளைச் சுத்தியிருக்கிற மண்ணோட வெப்பத் தடை) ஆழம் கேபிளோட நடு அச்சு வரைக்கும். வெளி விட்டம் போடணும், ஆரம் இல்ல. ஆழம் 900 மி.மீ., விட்டம் 50 மி.மீ.ன்னா யூ (ஆழத்தோட ரெண்டு மடங்கு ÷ விட்டம்) = 36. மண்ணோட வெப்பத் தடைத்திறன் 1.5-னு வச்சா டி4 சுமார் 1.02. ஆரம் போட்டா 1.19 ஆயிடும்.
- 11 கேவிக்கு டைஎலக்ட்ரிக் லாஸ் (வோல்டேஜால இன்சுலேஷனுக்குள்ளயே உண்டாகுற சூடு) பத்தி ஒரு வரி போதும்.
- பக்கத்துல வேற கேபிள் ஓடுதான்னு கேள்வியை ரெண்டு தடவை படிங்க. ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்கும் ஏறும்.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்து வரல. நாலு பேர் சேர்ந்தா வேகமா கணக்கு போடுறவன் விடையைத்தான் எல்லாரும் எழுதறோம். விடிகாலை மொட்டை மாடியில தனியா உக்காந்து, ஒரே கணக்கைக் கால்குலேட்டர் இல்லாம படிப்படியா எழுதிட்டு, கடைசியில மட்டும் நம்பர் போட்டுப் பார்த்தேன். மூணு வாரம். ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு.