அலுமினியப் பாத்திரக் கம்பெனியும் ஊழியர்களின் சம்பளமும்

அமெரிக்கச் சுவிசேஷ ஊழியங்களின் வரலாற்றைப் படிக்கும்போது பிரசங்கிகளின் பெயர்களே முன்னால் வந்து நிற்கின்றன. அந்த ஊழியருக்கு மாதச் சம்பளம் யார் கொடுத்தார், முகாம் நடந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. சில ஆண்டுகள் ஒரு சிறிய ஊழியத்தின் கணக்கை எழுதியவன் என்பதால் என் கண் அந்தப் பக்கமே போகிறது. அப்படித் தேடிப் போனபோது கிடைத்தவர்தான் சிகாகோவில் கிளப் அலுமினியம் என்ற பாத்திரக் கம்பெனியை நடத்திய ஹெர்பர்ட் ஜே. டெய்லர்.

மிச்சிகன் மாநிலத்தின் பிக்ஃபோர்டு என்ற சிற்றூரில் 1893-இல் பிறந்த டெய்லர், மெதடிஸ்டு சபையைச் சேர்ந்தவர். 1932-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், திவாலாகும் நிலையில் இருந்த இந்தக் கம்பெனியின் பொறுப்பை ஏற்றார். சொத்தின் மதிப்பைவிடக் கடன் 4,00,000 டாலருக்கு மேல் அதிகமாக இருந்தது. கைச்செலவுக்கென்று சிகாகோ வங்கி ஒன்றில் 6,100 டாலர் கடன் வாங்கித்தான் வேலையைத் தொடங்க முடிந்தது. பிற்காலத்தில் ரோட்டரி சங்கங்கள் உலகெங்கும் கொண்டுசென்ற நான்கு கேள்விகளை அவர் எழுதியது இந்த நெருக்கடியில்தான்: இது உண்மையா, சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நியாயமானதா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, அனைவருக்கும் நன்மை தருமா?

அச்சக உரிமையாளர் ஒருவரைப் பற்றிய செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறைந்த விலை கேட்டு கம்பெனியின் ஆர்டரைப் பெற்ற அவர், தம் கணக்கில் 500 டாலர் குறைவாகப் போட்டுவிட்டதைப் பிறகுதான் கண்டார். ஒப்பந்தப்படி அந்த இழப்பு அவருடையதே. கம்பெனியோ கடனில் மூழ்கியிருந்தது. இருந்தும், இது அனைவருக்கும் நியாயமா என்ற கேள்வியை இயக்குநர்கள் முன் வைத்து, அந்த 500 டாலரையும் கொடுக்கச் செய்தார் டெய்லர். ஊழியத்துக்குக் கொடுக்கும் காணிக்கையைப் பற்றிப் பேசுமுன், அந்தப் பணம் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும் என நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

கம்பெனி நிமிர்ந்தபின், 1930-களின் இறுதியில், கிறிஸ்டியன் ஒர்க்கர்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையை நிறுவி, கம்பெனிப் பங்குகளில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கினார். அவர் பணத்தை வந்தவருக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கவில்லை. இளையோரை வயதுவாரியாகப் பார்த்து, ஒவ்வொரு வயதினர் நடுவிலும் உழைக்கும் அமைப்பைத் தாங்கினார்: குழந்தைகளுக்குச் சைல்டு இவாஞ்சலிசம் ஃபெலோஷிப், சிறுவருக்குக் கிறிஸ்டியன் சர்வீஸ் பிரிகேட், சிறுமியருக்குப் பயனியர் கேர்ள்ஸ், உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு யங் லைஃப், கல்லூரி மாணவருக்கு இன்டர்வார்சிட்டி. இவற்றில் கடைசி இரண்டும் 1941-இல் அமெரிக்காவில் முறைப்படி அமைந்தவை. டெக்சாஸில் பள்ளி மாணவரிடையே உழைத்துக்கொண்டிருந்த, யங் லைஃபை நிறுவிய ஜிம் ரேபர்னைப் போன்ற ஒருவருக்கு, அடுத்த மாதச் செலவு எங்கிருந்து வரும் என்ற கவலை நீங்குவது எத்தகைய விடுதலை என்பதை, ஊழியரின் வீட்டு வாடகையைத் தேதி தவறாமல் கட்ட முடியாமல் தவித்த பொருளாளர்கள் அறிவார்கள்.

கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருகே ஸ்டார் ராஞ்ச் என்ற இடத்தை அறக்கட்டளையே வாங்கி, ஆண்டுக்கு 1 டாலர் குத்தகைக்கு யங் லைஃபுக்கு விட்டது. இளம் அமைப்பின் தோளில் சொத்துச் சுமையை ஏற்றாமல், இடத்தை மட்டும் அதன் கையில் தந்த இந்த ஏற்பாடு, வணிகம் தெரிந்தவர் மட்டுமே யோசிக்கக்கூடியது.

கொடுப்பவரின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்ற கேள்வியும் உண்டு. சன் ஆயில் நிறுவனத்தின் ஜே. ஹோவர்ட் பியூ, 1956-இல் தொடங்கிய கிறிஸ்டியானிட்டி டுடே இதழுக்குப் பெருந்தொகை தந்தவர். ஆனால் சமூக, பொருளாதார விஷயங்களில் இதழ் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் அவருக்குத் திட்டமான கருத்து இருந்தது. ஆசிரியர் கார்ல் ஹென்றிக்கு அது நெருக்கடியாயிற்று. டெய்லரும் ஒதுங்கி நின்றவர் அல்லர். யங் லைஃப், இன்டர்வார்சிட்டி ஆகியவற்றின் நிர்வாகக் குழுக்களில் அமர்ந்தார். 1947-இல் பசடீனாவில் தொடங்கிய ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் அறங்காவலராகவும் இருந்தார். ஆயினும் ஓர் அமைப்பு சொந்தக் காலில் நிற்கும்வரை தாங்குவதும், பிறகு அடுத்த தேவைக்குப் போவதும் அவருடைய வழக்கம். என்றென்றும் தம் பணத்தை நம்பியே இருக்கும்படி ஊழியத்தைப் பழக்கிவிடாத கொடையாளரை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மலைப்பிரசங்கத்தை மனப்பாடம் செய்து நாள்தோறும் சொல்லிவந்த இவருடைய நான்கு கேள்விகளில் தேவனின் பெயர் இல்லை. எழுதி, சில காலம் தாமே கடைப்பிடித்துப் பார்த்த பிறகு, அதைத் தம் துறைத் தலைவர்கள் நால்வரிடம் காட்டினார். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் யூதர், ஒருவர் கிறிஸ்டியன் சயன்ஸ் வழியினர், ஒருவர் பிரெஸ்பிடேரியன். தங்கள் நம்பிக்கைக்கு விரோதமாக இதில் எதுவும் இல்லை என்று நால்வரும் சொன்ன பிறகே அது கம்பெனியின் விதியாயிற்று. அதிகாரம் தம் கையில் இருந்த இடத்தில் விசுவாசத்தை அவர் யார்மேலும் திணிக்கவில்லை. அறக்கட்டளையிலோ அதையே வெளிப்படையாக முன்வைத்தார்.

பிக்ஃபோர்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹியூரான் ஏரிக்கரையில் அவர் இன்டர்வார்சிட்டிக்குக் கொடுத்த நிலம் சீடர் கேம்பஸ் என்ற முகாமாயிற்று. தாம் பிறந்த அதே வட மிச்சிகன் மண்ணில், மரங்களுக்கும் நீருக்கும் இடையே கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து வேதம் படிக்க அவர் இடம் செய்து வைத்தார்.