வந்துட்டோம் மாதாவே

டிசம்பர் 31-ஆம் தேதி வேளாங்கண்ணிக்குப் போகாதீர்கள் என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பலாம். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை அவர்கள் வாயில் வந்ததுதான். கடைத்தெருவில் நாமாக நடக்க வேண்டியதே இல்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். இதெல்லாம் தெரிந்துதான் கிளம்பினோம். அம்மாவின் நேர்ச்சை அப்படி. "அடுத்த வருசப் பொறப்புக்கு" என்று தேதியோடு நேர்ந்துகொண்டுவிட்டார். கூட்டம் வடிந்த பிறகு ஜனவரி கடைசியில் போவோமே என்றதற்கு, "மாதாகிட்டயே தேதி மாத்துறதா?" என்று ஒரே கேள்வி. அதற்கு மேல் யார் பேசுவது?

போன திருவருகைக்காலத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று இடத்தில் அடைப்பு, உடனே பைபாஸ் என்றார்கள். வீட்டில் அந்த வருடம் கிறிஸ்துமஸ் குடில் இல்லை, பலகாரம் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து கட்டிவிட்ட நட்சத்திரம் மட்டும் வாசலில் எரிந்தது. அம்மா மதுரையில் ஐசியூ வாசலில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஊரில் நள்ளிரவுப் பூசைக்கு மணி அடித்திருக்கும் நேரம், என் கையைப் பிடித்துச் சொன்னார்: "இவர எந்திரிச்சு நடக்க வச்சிட்டா அடுத்த வருசப் பொறப்பு மாதா காலடியிலதான். புனிதப் பாதையில முட்டி போட்டு வர்றேன்னு நேந்துக்கிட்டேன்." புனிதப் பாதை என்பது பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் நடுவில் இருக்கும் மணல் பாதை. அம்மா மூட்டுத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அதை ஞாபகப்படுத்த அப்போது எனக்கு வாய் வரவில்லை.

அப்பா எழுந்தார், நடந்தார், இந்த வருடம் குடிலும் கட்டினார். திண்டுக்கல்லில் எங்கள் கோயில் பங்கில் குடில் என்றால் சும்மா இல்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுதான் அன்பியம்; அன்பியத்துக்கு ஒன்று என்று கோயில் வளாகத்தில் போட்டி வைப்பார்கள். பரிசு கிடைக்காத அன்பியம் ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் அதைப் பேசிக்கொண்டிருக்கும். வீட்டுக் குடிலுக்கு அப்பா டிசம்பர் நடுவிலேயே தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகு தெளித்துவிடுவார். பிறப்பன்று சரியாக ஒரு விரல் உயரத்துக்குப் பச்சை நிற்க வேண்டும். முந்தினால் முளை சாய்ந்துவிடும், பிந்தினால் ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லை. நெஞ்சில் தழும்போடு அவர் தரையில் உட்கார்ந்து வைக்கோல் வேய்ந்துகொண்டிருக்க, அம்மா அடுப்படியிலிருந்து சும்மா சும்மா எட்டிப் பார்த்தார். அதிரசம் இரண்டு ஈடு கருகிப் போனதற்கு அதுதான் காரணம்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் வந்த இரவு, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டான். "டேய் மெதுவா, மெதுவா" என்று அம்மா கத்தியது டிரம்ஸ் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் தொடங்கி மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தபோது, பாடகற்குழுவில் நின்ற எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பாடிக்கொண்டார்கள். குழந்தை இயேசுவை முத்தமிட வரிசையில் வந்த அப்பா, குனிந்தவர் நிமிர நேரமானது. பின்னால் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் போன வருடக் கதை தெரியும்.

31-ஆம் தேதி இரவு நன்றி ஆராதனைக்கும் புத்தாண்டுப் பூசைக்கும் பாட ஆள் குறையுமே என்று பங்குத்தந்தையிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "நேர்ச்சையை முடிச்சிட்டு வாங்க. எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்குங்க" என்று அனுப்பிவிட்டார். அன்பியத்துப் பெண்கள் மெழுகுவர்த்திக்குக் காசும் வேண்டுதல் எழுதி நாலாக மடித்த சீட்டுகளும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா எல்லாவற்றையும் ஜெபமாலைப் பையில் வைத்துக்கொண்டார்.

திருச்சியில் பஸ் மாறியதுமே ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டார் அம்மா. "அருள் நிறைந்த மரியே" என்பதைப் பாட்டி சொல்லிக்கொடுத்த பழைய சொற்களில்தான் இன்றைக்கும் சொல்வார், "பிரியதத்தத்தினாலே பூரண மரியே" என்று. தஞ்சாவூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா நெல். நாகப்பட்டினம் வந்ததும் கடல் காற்று. அங்கிருந்து வேளாங்கண்ணி பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்குமா? அன்றைக்கு அது ஊர்ந்து ஊர்ந்துதான் வந்து சேர்ந்தது.

தங்குமிடம் பற்றிச் சொல்லாமல் விட மனது கேட்கவில்லை. போனில் ஒரு வாடகை பேசி முன்பணமும் வாங்கிய லாட்ஜில், நேரில் போனதும் "அது சாதா நாள் ரேட்டு" என்றார்கள். இரண்டு மடங்கு கேட்டார்கள். அப்பாவை நிற்க வைத்துக்கொண்டு சண்டை போட முடியாமல் கொடுத்தேன். மாதா பேரை முகப்பில் எழுதி வைத்துக்கொண்டு இப்படிச் செய்ய எப்படித்தான் மனது வருகிறதோ! பஸ் நிலையத்திலிருந்தே பின்னால் வரும் ரூம் புரோக்கர்கள், "பாதத்துல வச்ச மாலை" என்று பிளாஸ்டிக் மாலையைக் கையில் திணிப்பவர்கள், நாம் ஏற்றிய மெழுகுவர்த்தி கால்வாசி எரிவதற்குள் அணைத்து வாளியில் போடுபவர்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

கடைத்தெருவில் காணிக்கைத் தகடு வாங்கப் போனோம். கண், கை, கால், தொட்டில், வீடு என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் இதயம் பொறித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கட்டைவிரல் அகலம்தான். வெள்ளி என்றார், எடையைப் பார்த்தால் வெள்ளி வாசனை பட்ட ஏதோ ஒன்று. அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அடைப்பு எதுவும் இல்லையே?" என்றார். கடைக்காரருக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது, முறைத்தார்.

கடற்கரைக்கு அம்மா வருவதில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எத்தனை தடவை வேளாங்கண்ணி வந்தாலும் கோயிலோடு சரி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் நிறையத் திருப்பயணிகள் இருந்த நேரம். பேராலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்களில் நூற்றுக்கணக்கான பேரைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோயிலுக்குள் அலை வரவில்லை என்பதை மாதாவின் புதுமையாகப் பலர் சொல்வார்கள். நானும் மாதாவை நம்புகிறவள்தான். ஆனால் அதைச் சொல்லும்போது கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்லலாம் என்று தோன்றும். வெளியே இருந்தவர்களும் அவளைப் பார்க்க வந்த பிள்ளைகள்தானே. அம்மா புதுமை என்றும் சொல்வதில்லை, வேறு எதுவும் சொல்வதில்லை. கடல் இருக்கும் திசை பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் புனிதப் பாதைக்குப் போனோம். அம்மாவுக்குப் பதிலாக நான் முட்டி போடுவது என்பது ஊரிலேயே முடிவான விஷயம். முதலில் அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. "நேந்தது நான், நீ எப்படிக் கழிப்ப?" கடைசியில் பாவமன்னிப்பு கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டுவிட்டு வந்துதான் சம்மதித்தார். ஆனாலும் மணலைப் பார்த்ததும் மனது கேட்கவில்லை போல. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்ச தூரம் வந்தே விட்டார். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு அருள் நிறைந்த மந்திரம் முழுதாகச் சொல்லி முடித்தார். "இது போதும்மா, மாதாவுக்குக் கணக்குத் தெரியும்" என்று அப்பாதான் கைகொடுத்துத் தூக்கினார்.

அந்த மணல் பார்க்க மெத்தென்று இருக்கும், நம்பக் கூடாது. உள்ளே உடைந்த கிளிஞ்சல் பொடியும் சிறு கற்களும் இருக்கின்றன. முன்னால் போனவர்களின் முழங்கால் பதிந்து இரண்டு வாய்க்கால் மாதிரி தடம் ஓடியிருந்தது. அதற்குள்ளேயே போனால் கொஞ்சம் சுலபம். எனக்கு முன்னால் ஒரு பெண், நெற்றியில் குங்குமம், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை முதுகில். நான் நின்று நின்று வருவதைத் திரும்பிப் பார்த்தார். இடுப்பிலிருந்த துண்டை நடுவில் கிழித்து இரண்டாக்கிக் கொடுத்து, "முட்டில கட்டிக்கங்க, நான் வருசா வருசம் வர்றவ, எனக்குப் பழக்கம்" என்றார். பேர் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. பக்கத்திலேயே மெழுகுவர்த்தி விற்கும் பையன் ஒருவன், என் உயரத்துக்குக் குனிந்து, "அக்கா, அஞ்சு இருபது ரூபா" என்று விடாமல் வந்தான். இருபது ரூபாய் கொடுத்து அவனை நிறுத்திவிடலாம் என்றால் பை அம்மாவிடம்.

சிலுவைப்பாதை நிலை ஒவ்வொன்றாக வந்தது. பாதிக்கு மேல் ஜெபம் வாயில் நிற்கவில்லை. வலி ஒரு பக்கம்; அதைவிட இந்தப் பக்கம் அப்பா. எங்கள் எல்லார் செருப்பையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு என் கூடவே மெதுவாக நடந்து வந்தார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. போன வருடம் இதே நாட்களில் அந்த மூச்சை ஒரு மெஷின் எண்ணிக்கொண்டிருந்தது. பச்சைக் கோடு ஏறி இறங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம். இப்போது எந்த வயரும் இல்லாமல், செருப்புக் கையோடு, "இன்னும் கொஞ்சம்தான் பாப்பா" என்கிற சத்தத்தோடு அது என் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. மாதாவே, இதற்கு என் முழங்கால் தோல் எல்லாம் ஒரு கணக்கா? அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பையன்கூட மெழுகுவர்த்தியை மறந்துவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

மாதா குளத்தில் அம்மா மோர் வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்கு உப்பில்லாமல் தனியாகக் கேட்டு வாங்கினார். வேளாங்கண்ணியில் மோர் குடித்தால், நடுத்திட்டில் மோர் விற்ற நொண்டிப் பையனை நினைக்காமல் இருக்க முடியுமா? அவனை எழுந்து நடக்க வைத்தவள் மாதாதானே.

இருட்டிய பிறகு பேராலயத்துக்குள் வரிசை. பீடத்தில் பதித்திருக்கும் பீங்கான் தட்டுகளைக் காட்டி, புயலில் தப்பி வந்து அவற்றைக் காணிக்கையாகக் கொடுத்த போர்த்துக்கீசிய மாலுமிகள் கதையை அப்பா எப்போதும் சொல்வார். அன்றைக்குச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வரிசை எங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "நகருங்க, நகருங்க" என்று ஒருவர் தோளைத் தொட்டுத் தொட்டுத் தள்ளினார். முன்னால் முழுக்க போன்கள், தலைக்கு மேல் தூக்கிய கைகள். ஆத்தாளைக் கண்ணால் பார்க்காமல் திரையில் பார்க்க எதற்கு இவ்வளவு தூரம் வருகிறார்களோ. ஒரு கை கீழே இறங்கிய இடைவெளியில் தெரிந்தாள். ஜரிகை மின்னும் சேலை, கிரீடம், கையில் பாலன்.

அம்மா வருடம் முழுக்கப் பேச வேண்டியதைச் சேர்த்து வைத்திருந்தார். அப்பாவின் மாத்திரை, தம்பியின் கல்யாணம், என் வேலை, அன்பியத்துச் சீட்டுகள் எல்லாம் மனப்பாடம். சந்நிதியில் நின்றதும் வாயைத் திறந்தார், வந்தது இவ்வளவுதான்: "வந்துட்டோம்மா." அதையே திரும்பவும் சொன்னார். அப்பா சட்டைப் பையிலிருந்து அந்தக் குட்டி இதயத்தை எடுத்துக் காணிக்கைத் தட்டில் போட்டார். நகரச் சொன்னவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கையை எடுத்துவிட்டார். மூன்று பேர் கடந்துபோகும் நேரம் எங்களை அங்கேயே விட்டார். அவரை மாதா நன்றாக வைத்திருக்கட்டும்.

நடுஇரவுப் பூசைக்குத் திறந்தவெளியில் பாயை விரித்து உட்கார்ந்தோம். பனி இறங்கியது. அப்பாவுக்கு மப்ளரைச் சுற்றிவிட்டு, அதற்கு மேல் அம்மா தன் துண்டையும் சுற்றினார். தமிழில் ஒரு மன்றாட்டு, மலையாளத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்கு மணியும் வெடியும் சேர்ந்து கேட்டன. பக்கத்துப் பாய்க்காரர்கள், யார் எவர் என்று தெரியாது, எல்லாரும் எல்லார் கையையும் பிடித்துக்கொண்டார்கள். இறைவனின் தாய் மரியா பெருவிழா அல்லவா, ஆண்டவர் தம் திருமுகத்தை உன் பக்கம் திருப்புவாராக என்கிற அந்த ஆசியுரை வாசகம் வந்தது. வருடா வருடம் கேட்பதுதான். இந்த வருடம் அது அப்பாவின் மப்ளருக்குள்ளிருந்த முகத்தைப் பார்த்துப் படித்ததாகவே எனக்குக் கேட்டது. நன்றி மாதாவே. கோடி நன்றி. சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். வேறு என்ன எழுதுவது?

மூன்று ராஜாக்கள் திருவிழாவுக்கு முன்பே ஊர் வந்துவிட்டோம். குடிலில் கேழ்வரகு மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அப்பா அதை ஒதுக்கிவிட்டு ராஜாக்களை ஒட்டகத்தோடு கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தி வைத்தார். வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மாதா எண்ணெயை வாங்க அன்பியத்துப் பெண்கள் வந்தார்கள். எங்க சீட்டைப் போட்டீங்களா, எங்க மெழுகுவர்த்தி முழுசா எரிஞ்சுதா என்று ஆளாளுக்குக் கேள்வி. அம்மா எல்லாருக்கும் பதில் சொல்லி, சின்னச் சின்ன பாட்டிலாகக் கொடுத்து அனுப்பினார். என் முட்டியிலும் கொஞ்சம் தடவிவிட்டார். தடவிக்கொண்டே, தம்பிக்கு இந்த வருடத்துக்குள் நல்ல இடம் அமைந்துவிட்டால் செப்டம்பர் பெரிய தேருக்குக் குடும்பத்தோடு வந்து புனிதப் பாதையில் முட்டி போடுவதாக நேர்ந்திருப்பதைச் சொன்னார். யாருடைய முட்டி என்று நான் இன்னும் கேட்கவில்லை.