அளவு வரிசை விடாமல் சென்சாரை எடுக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனை மறுநடவு நிலத்தை ஒட்டி இரண்டு ஏக்கரில் இனிப்புச் சோளம் போடுகிறேன். போன நடவில் பட்டது இன்னும் ஆறவில்லை.

யூரியாவைக் கொஞ்சம் மிச்சப்படுத்தலாமே என்று ஓர் உரக்கடையில் பயிரின் பசுமையை அளக்கும் கிரீன்சீக்கர் சென்சாரை நாள் வாடகைக்கு எடுத்தேன். விசையை அழுத்தினால் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் இலையில் பட்டுத் திரும்பும், திரையில் 0.00 முதல் 0.99 வரை ஓர் எண் வரும்; பசுமை கூடினால் எண்ணும் கூடும். கடைக்காரர் சொன்னது ஒன்றுதான்: "0.60க்குக் கீழே காட்டினா யூரியா போடுங்க அண்ணே."

விதைத்துப் பதினைந்தாம் நாள் அளந்தேன். எங்கே பிடித்தாலும் 0.30. பயந்துபோய் நான்கு மூட்டையையும் இறைத்தேன். அன்றிரவு பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. வாய்க்காலோடு எவ்வளவு போனதோ!

தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த மாமாவிடம் போய்ப் புலம்பினேன். அவர் கேட்டார்: "சரி, எதோட ஒப்பிட்டுப் பார்த்தே?" பதில் இல்லை. அந்த வயதில் பயிர் நிலத்தை மூடியிருக்காது. சென்சார் பார்த்ததில் பாதி வெறும் மண். அதைவிடப் பெரிய தவறு, தழைச்சத்துக் குறையே இல்லாத பயிர் என் நிலத்தில் எந்த எண்ணைக் காட்டும் என்று தெரியாமல் அளந்தது. கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை.

இந்த நடவில் நிலத்தின் நீளத்துக்கும் நான்கு வரிசைகளுக்கு ஆரம்பத்திலேயே இரண்டு மடங்கு யூரியா போட்டுக் கம்பு நட்டு வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க இவைதான் அளவு வரிசை. எட்டாவது இலையின் கழுத்து தெரிந்ததும் அளந்தேன். பயிருக்கு மேலே 60 முதல் 120 சென்டிமீட்டர் உயரம், கை ஏறி இறங்கக்கூடாது. பனி காய்ந்தபின் அளப்பது நல்லது. பூ வரும்வரை தள்ளிப்போடாதீர்கள், இலை அடர்ந்துவிட்டால் எண்ணில் வித்தியாசம் தெரியாது.

மேட்டுப் பக்கம் அளவு வரிசை 0.78, மற்றவை 0.76. மற்றவற்றின் எண்ணை அளவு வரிசையின் எண்ணால் வகுத்தால் 0.97. 0.95க்கு மேல் இருந்தால் தழைச்சத்துப் போதும் என்பதால் அங்கே ஒரு பிடிகூடப் போடவில்லை. நடுவில் 0.79க்கு 0.69, அதாவது 0.87. யூரியா அங்கே மட்டும், ஒன்றரை மூட்டை, மண் அணைத்து மூடினேன். மேலாகக் கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

பள்ளத்து மூலையில்தான் திகைத்தேன். மற்றவை 0.57, இரட்டை உரம் தின்ற அளவு வரிசையும் 0.58! பழைய ஆளாக இருந்தால் மூட்டையைப் பிரித்திருப்பேன். மண்வெட்டியால் தோண்டினேன், ஒரு சாணில் தண்ணீர். வேர் மூச்சு முட்டிக் கிடந்தது. மனைவியும் நானும் இரண்டு நாள் வடிகால் வெட்டினோம்.

பத்து நாள் கழித்து, இன்னொரு நாள் வாடகை கொடுத்து அந்த மூலையை மட்டும் அளந்தேன். 0.70. இரண்டரை மூட்டை யூரியா கொட்டகையில் பிரிக்காமல் இருக்கிறது.