இன்னொருவர் எழுதிய சங்கப்பாடல் நிரலை மறுபடி ஓடவைத்தது

எட்டுத்தொகை நூல்களின் சொல்லாட்சியை ஒப்பிட்டு எங்கள் குழு முன்பு ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தது. அதற்கு நிரல் எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன் தொடர்ச்சியாக அடுத்த கட்டுரையை அனுப்பியபோது, முதல் கட்டுரையின் எண்களை மறுபடி எடுத்துக் காட்ட முடியுமா என்று மதிப்பீட்டாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். வேலை என் தலையில் விழுந்தது.

கையில் கிடைத்தவை ஒரு ஜுபிட்டர் நோட்புக்கும் (நிரலைத் துண்டுதுண்டாக, செல் செல்லாக ஓட்டும் கோப்பு) ‘ஃபைனல்_நியூ’ என்ற சிஎஸ்வி அட்டவணைக் கோப்பும்தான். நோட்புக்கின் செல்கள் மேலிருந்து கீழாக ஓட்டப்படவில்லை என்பது ஓரத்து எண்களைப் பார்த்ததுமே தெரிந்தது. அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் நிரல்தொகுப்பான பாண்டாஸின் 2.0 பதிப்பு வந்தபோது டேட்டாஃபிரேமின் அப்பெண்ட் கட்டளையை எடுத்துவிட்டார்கள்; நிரல் முழுக்க அதுதான். பழைய பதிப்புகளைத் தேடி நிறுவி, எண்களோடு ஒரு கோப்பில் எழுதிவைத்து, எல்லாவற்றையும் ஒரு டாக்கர் கொள்கலனுக்குள் (எந்தக் கணினியிலும் ஒரே சூழலில் ஓடவைக்கும் பொதி) போட்டேன். இணையத்தில் இதற்கு வழிகாட்டிகள் ஏராளம், அதனால் இங்கே நீட்டவில்லை. நிரல் ஓடியது. எண்கள்தான் ஒத்துவரவில்லை.

முதலில் மாட்டியது வரைபடம். கட்டுரையின் சொல் எண்ணிக்கை அட்டவணைக்கான சொற்களை முந்தையவர் இடைவெளியை வைத்துப் பிரித்திருந்தார். நூல்களைக் கொத்துக்கொத்தாகக் காட்டும் வரைபடத்துக்கு மட்டும் சைக்கிட்-லேர்ன் தொகுப்பில் சொற்களைப் பிரித்து எண்ணும் கருவியான கவுண்ட்வெக்டரைசரை அப்படியே பயன்படுத்தியிருந்தார். அந்தக் கருவி வேறெதுவும் சொல்லாவிட்டால், அடுத்தடுத்து இரண்டு ‘எழுத்து’களாவது இருந்தால்தான் சொல் என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு அது நம்பியிருக்கும், பைத்தானில் உரைக்குள் வடிவங்களைத் தேடும் ஆர்இ தொகுப்புக்கோ நம் புள்ளியும் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் எழுத்துகளே அல்ல. குறுந்தொகை 40ஆம் பாட்டின் முதலடியைக் கொடுத்துப் பார்த்தேன்:

யாயும் ஞாயும் யாரா கியரோ

வெளியே வந்தது ‘யர’ ஒன்றுதான். யாயையும் காணோம், ஞாயையும் காணோம். அடுத்த அடியான ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ தந்தது ‘எந’, ‘எம’. நூல்களுக்கிடையே உள்ள உறவைக் காட்டும் வரைபடம் இந்தத் துண்டுகளின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. யூனிகோடில் தமிழுக்கு உரிய 0B80 முதல் 0BFF வரையிலான எல்லையைச் சொல்லிக்கொடுத்த பிறகு சொற்கள் முழுதாக வந்தன. நூல்களைக் கொத்துகளாகப் பிரிக்கும் கே-மீன்ஸ் முறைக்கு ரேண்டம் ஸ்டேட் எண்ணையும் (தற்செயல் தேர்வு எங்கே தொடங்க வேண்டும் என்பதை) நிலையாகக் கொடுத்தேன். அதுவரை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு படம் வந்துகொண்டிருந்தது.

அப்புறம் குறியேற்றம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் போல, தமிழின் முன்னோடி மின்தொகுப்புகள் டிஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறியேற்றங்களிலிருந்து யூனிகோடுக்கு வந்தவை. மாற்றிய நிரலைப் பொறுத்து ‘கொ’வின் ஒகரக்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு சொல். ஒரே எழுத்தின் மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் எல்லாவற்றையும் சீராக்கினால் இது தீர்ந்துவிடும். ஔகாரத்துக்குப் பதில் ‘ள’ தட்டியிருந்தால் மட்டும் எந்தச் சீராக்கமும் உதவாது, உட்கார்ந்து தேடத்தான் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அட்டவணை ஒத்துவரவில்லை. ‘கியரோ’வை இன்னொரு தடவை பாருங்கள். ‘யாராகியரோ’ என்ற சொல், சீருக்காக நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது. சீர் பிரித்து அச்சிட்ட பாடத்தை இடைவெளியில் வெட்டி எண்ணினால் கிடைப்பது சீர்களின் கணக்கு, சொற்களின் கணக்கு அல்ல. முந்தையவருக்கு இது தெரிந்திருக்கிறது; எக்செலில் கையாலேயே பல அடிகளைச் சேர்த்தும் பிரித்தும் திருத்தியிருக்கிறார். நிரலில் அதன் சுவடே இல்லை. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார், எந்த இடத்தில் சந்தி பிரித்தார், எதை விட்டார் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. டாக்கர், கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) எல்லாம் சுலபமான பாதி என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கஷ்டமான பாதி, பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் காலங்காலமாகச் செய்துவரும் வேலை.

எனவே மூலப் பாடத்தைத் தொடாமல் தனியே வைத்தேன். திருத்தங்களுக்கென்று ஒரு அட்டவணை: நூல், பாட்டு எண், அடி, அச்சில் இருப்பது, நாங்கள் கொண்டது, ஏன். சிஎஸ்வியையும் மூலத்தையும் டிஃப் போட்டு (வரிவரியாக ஒப்பிட்டு) அவர் செய்த திருத்தங்களை மீட்டேன். காரணம் புரியாதவற்றை அவரிடமே தொலைபேசியில் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார், பாவம். நினைவில்லாதவற்றுக்கு ‘காரணம் தெரியவில்லை’ என்றே பதிந்தோம்.

சில சோதனைகளையும் சேர்த்தேன். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை, ஆகவே நிரல் 398 என்று சொல்ல வேண்டும். அகநானூற்றில் கடவுள் வாழ்த்தோடு 401. முதல் ஓட்டத்திலேயே புறநானூற்றுக்கு 400 என்று வந்தது. கிடைக்காத பாடல்களின் இடத்தில் போட்டிருந்த புள்ளிக்கோட்டைப் பாட்டாக எண்ணியிருந்தது.

கடைசியாக, தமிழே தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்து ஓட்டச் சொன்னேன். டாக்கர் வேண்டாம் என்று தன் விண்டோஸ் கணினியில் நேரடியாக ஓட்டினார். கோப்பைத் திறக்கும் வரியிலேயே நின்றுவிட்டது. யுடிஎஃப்-8 என்று சொல்லாததால் விண்டோஸில் அந்தப் பைத்தான் பதிப்பு வேறு குறியேற்றத்தை எடுத்துக்கொண்டது. அதைச் சேர்த்ததும் அவரிடமும் அதே எண்கள் வந்தன.

நிரலும் திருத்த அட்டவணையும் இப்போது டிஓஐ எண்ணோடு (நிலையான அடையாள எண்) ஜெனோடோ என்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. வரைபடம் மாறிவிட்டதால் முதல் கட்டுரைக்குத் திருத்தக் குறிப்பு எழுதினோம். அதில் முந்தையவரும் கையெழுத்திட்டார். முதல் கட்டுரையின் சொல் எண்ணிக்கை அட்டவணையில் சில வரிசைகள் இன்னமும் பழைய எண்களோடு ஒத்துவரவில்லை. அவை எவை என்பதையும் அதே குறிப்பில் சொல்லியிருக்கிறோம்.