ஜவ்வாது மலை மண் ரோட்டில் கிராவல் சைக்கிள்: ஏழு மாதக் கணக்கு

எங்கள் பக்கத்தில் கிராவல் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தார் போடுவதற்கு முன்னால் லாரியில் கொண்டுவந்து கொட்டி, ரோலர் விட்டு அமுக்குகிற செம்மண் சரளை. அந்த ரோட்டில் ஓட்டுவதற்கென்றே ஒரு சைக்கிள் வருகிறது என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. கைப்பிடி ரேஸ் சைக்கிள் மாதிரி கீழே வளைந்திருக்கும். டயர் மட்டும் 40 மி.மீ. அகலம், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். ஜூன் கடைசியில் ஒன்று வாங்கினேன். அலுமினியச் சட்டம், பின்னால் எட்டு கியர், கேபிளில் இழுக்கிற பிரேக். விலை குறைந்த வகைதான், ஆனால் எனக்கு இது போதும்.

நான் தேர்ந்தெடுத்த சுற்று 41 கிலோமீட்டர். ஆலங்காயத்தில் தொடங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் தார் ரோட்டில் ஏறி, காவலூர் வானாய்வகத்தைத் தாண்டியதும் ஜமுனாமரத்தூர் ரோட்டை விட்டு மலைக்கிராமங்களை இணைக்கும் மண் ரோட்டில் இறங்கிவிடுவேன். மண் பகுதி மொத்தம் 18 கிலோமீட்டர் வரும். இருபுறமும் காடு. நடுநடுவே சாமை வயல், கொய்யாத் தோட்டம், நாலைந்து வீடுகள், மறுபடி காடு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. ஊர்க்காரர்கள் தினமும் நடந்தும் பைக்கிலும் போகிற வழிகளில் மட்டுமே போகிறேன். கிளைப் பாதை வந்தால் ஊரில் கேட்பேன், வனத்துறை பலகை இருந்தால் திரும்பிவிடுவேன். முதல் நாளே ஒரு பெரியவர், "பொழுது சாயறதுக்குள்ள கீழ எறங்கிடு தம்பி, கரடி நடமாடும்" என்றார். அதனால் காலை ஐந்தரைக்குத் தொடக்கம், பதினோரு மணிக்குள் வீடு.

ஜூலையில் முதல் சுற்றுக்கு 4 மணி 10 நிமிடம் ஆனது. கால் வலிக்கவில்லை, கைதான் போய்விட்டது. மண் ரோட்டில் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. கல் மேல் ஏறும்போதெல்லாம் சக்கரம் துள்ளியது. சைக்கிள் சரியில்லையோ என்றுகூட நினைத்தேன். காரணம் காற்று. கடையில் 55 பி.எஸ்.ஐ. அடித்துக் கொடுத்திருந்தார்கள், நானும் அப்படியே ஓட்டினேன். தார் ரோட்டுப் பழக்கம் நமக்கு, டயர் கல்லு மாதிரி இருந்தால்தான் நல்லது என்று மனதில் பதிந்திருக்கிறது. சரளையில் அது நேர் எதிர். டயர் கல்லின் மேல் அமுங்கி அதைச் சுற்றிப் படிந்தால்தான் பிடிப்பு கிடைக்கும், அதிர்ச்சியும் அங்கேயே கரையும். அமுங்காத டயர் ஒவ்வொரு கல்லுக்கும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கலுக்கெல்லாம் செலவாவது நாம் மிதித்த சக்திதான்.

சரி என்று 38-க்கு இறக்கினேன். என்ன ஒரு வித்தியாசம்! ஆனால் அன்றைக்கே கூர்மையான கல் ஒன்றில் பின்சக்கரம் இடித்து டியூப் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. காற்று குறைவாக இருக்கும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்குவதால் வருவது இது. ஆக, டியூப் இருக்கும்வரை காற்றை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. அதோடு வேலிக்காத்தான் முள் வேறு. மலையில் குறைவு, அடிவாரத்தில் ஆடு ஓட்டிப்போகும் வழியெல்லாம் அதுதான். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தில் ஏழு பஞ்சர் போட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் டியூப்லெஸ்ஸுக்கு, அதாவது டியூப் இல்லாமல் ஓடும் டயருக்கு, மாறினேன். இந்த ஏழு மாதத்தில் நான் செய்த மிக நல்ல காரியம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ரிம்முக்குள் டேப் ஒட்டி, வால்வு மாட்டி, டயரைப் போட்டு, சக்கரத்துக்கு 60 மி.லி. வீதம் சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்ற வேண்டும். அதுவரை வீட்டிலேயே முடிந்தது. டயர் ரிம்மில் உட்காரவில்லை. கைப்பம்பில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. ஒரே நொடியில் நிறையக் காற்று போனால்தான் டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காரும். அதனால் பைபாஸில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த அண்ணன் இந்த மாதிரி சக்கரத்தைப் பார்த்ததே இல்லை, ஆனால் விஷயத்தைச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டார். வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு, அடாப்டரை மாட்டி, டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரஸரைத் திறந்தார். டப், டப் என்று இரண்டு சத்தம், உட்கார்ந்துவிட்டது. "லாரி டயரும் இப்படித்தான் தம்பி உட்காரும்" என்றார். காசு வாங்கவில்லை.

இப்போது முன்னால் 30, பின்னால் 33 பி.எஸ்.ஐ. என் எடை 68 கிலோ. கனமானவர்கள் இதைவிடக் கொஞ்சம் கூட வைக்க வேண்டியிருக்கும். முள் குத்தினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வைக்கிறேன். வெள்ளையாகக் கொஞ்சம் பீச்சிவிட்டு அடைத்துக்கொள்கிறது. செப்டம்பருக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வழியில் நின்று காற்றடித்தேன். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றிவிடுகிறேன்.

விழுந்ததையும் எழுத வேண்டும். செப்டம்பர் இரண்டாவது வாரம், நெல்லிக்காய் அளவுக் கற்கள் உதிரியாகக் கிடந்த ஒரு இறக்க வளைவு. பயத்தில் திரும்பும்போதே முன்பிரேக்கை அழுத்தினேன். முன்சக்கரம் சட்டென்று பக்கவாட்டில் போய்விட்டது. முழங்கையிலும் இடுப்பிலும் தோல் உரிந்தது, வேறொன்றுமில்லை. அடுத்த வாரம் அதே வளைவுக்குப் போய்ப் பத்து தடவை ஏறி இறங்கினேன். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். கைப்பிடியின் கீழ் வளைவில் கை, உடம்பு கொஞ்சம் பின்னால், பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில். பார்வை சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற கல்லில் இல்லாமல் வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருந்தது கையைத் தளர விடுவது. சைக்கிள் அடியில் அங்குமிங்கும் நெளியத்தான் செய்யும், அதன் போக்கில் விட்டால் தானே நேராகிவிடும். இறுக்கிப் பிடித்தால் அந்த நெளிவு தோள்வரை ஏறிவந்து ஆளைச் சாய்க்கும். இது விளங்கின பிறகுதான் விரல் மரத்துப்போவதும் முழுசாக நின்றது.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. ஒரு ஞாயிறு, இரவு மழைக்குப் பிறகு போய் நன்றாக மாட்டிக்கொண்டேன். களிமண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) டயருக்கும் நடுவில் அடைத்து, சக்கரம் சுற்றவே இல்லை. குச்சியால் நோண்டுவது, பத்தடி தள்ளுவது, மறுபடி நோண்டுவது. கடைசியில் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். ஈர மண்ணில் நம் டயர் போடுகிற தடம் காய்ந்தால் ஊர்க்காரர்கள் நடக்கிற வழியில் பள்ளமாக நின்றுவிடும், அதுவும் சரியில்லை. நல்ல மழைக்குப் பிறகு மூன்று நாள் வெயில் அடித்தால்தான் இப்போதெல்லாம் மண் ரோட்டுக்குப் போகிறேன். மழைக்காலத்தில் காவலூர் வரை தார் ரோட்டில் ஏறித் திரும்பிவிடுவது. வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-இல் கண்டபோது இங்கேயும் பார்த்துப் பதிவு செய்தார்கள். அந்த வெள்ளைக் கூரை மரங்களுக்கு மேலே தெரியும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

நவம்பரில் சாமை அறுப்பு. கதிரை ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள். வண்டி ஏறிப் போனால் தானியம் உதிரும், அதனால் அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. எனக்கு ஏறப் பிடிக்கவில்லை, இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்து, எங்கிருந்து வருகிறாய், இதற்கு எவ்வளவு, பெட்ரோல் இல்லாமலா இந்த மேட்டில் ஏறினாய் என்று வரிசையாகக் கேட்டார்.

டிசம்பரில் கியரை மாற்றினேன். முன்னால் சின்னப் பல்சக்கரம் 30 பல், பின்னால் பெரியது 32 பல்லாக வந்தது. அதை 34 ஆக்கினேன். பின்னால் பல் கூடினால் மிதிப்பது லேசாகும். இரண்டு பல்லில் என்ன ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மண் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து வழுக்கும். உட்கார்ந்தேதான் ஏற வேண்டும், உட்கார்ந்து மிதிக்கிற அளவுக்குக் கியர் சின்னதாக இருக்க வேண்டும். அங்கே அந்த இரண்டு பல் நன்றாகவே தெரிகிறது.

ஜனவரி மூன்றாவது ஞாயிறு அதே சுற்று 2 மணி 55 நிமிடம். நேரத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது கடைசி ஏற்றம். ஒற்றைப் புளியமரம் நிற்கிற இடத்தில், மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம் ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஏழு மாதமாக அங்கே காலை ஊன்றிக்கொண்டேதான் இருந்தேன். அன்றைக்கு இடது ஓரமாகப் போய், பள்ளத்துக்கு முன் இரண்டு மிதி அழுத்தி, முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி வைத்தேன். தாண்டிவிட்டது. மேலே போய் நின்று, திரும்பி வந்து, இன்னொரு தடவை ஏறினேன். இரண்டாவது தடவையும் கால் கீழே படவில்லை.

புளியமரத்துக்குப் பக்கத்தில் வடக்கே ஒரு வழி பிரிகிறது. அடுத்த கிராமம் வரை போகலாம், அதற்கப்பால் காப்புக்காடு என்று கடைக்கார அக்கா சொன்னார். பிப்ரவரியில் அந்தக் கிராமம் வரை. அதற்குள் சீலன்ட் ஊற்ற வேண்டும், பின் பிரேக் கட்டையும் தேய்ந்திருக்கிறது.